மருந்தும் மந்திரமும்: குழந்தைப்பேற்றுக்காகக் காத்திருப்போர்க்கு

குழந்தைப்பேற்றுக்காகச் சிகிச்சை பெற்றுவரும் தம்பதியரின் வீட்டில் பெரும்பாலும் மூன்று இடங்களில் நம்பிக்கை சேமித்து வைக்கப்பட்டிருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் ஹார்மோன் ஊசிகள் இருக்கும். சமையலறை அலமாரியில் நாத்தனார் கொடுத்தனுப்பிய லேகியமும், ஹரித்வாருக்குப் போனவர் வாங்கிவந்த சூரணமும் இருக்கும். பூஜையறையில் குங்குமப் பொட்டலமும், மஞ்சள் கயிறும், மண்டலக் கணக்கைக் குறித்து வைத்த நாட்காட்டியும் இருக்கும். முதல் இடத்தில் உள்ளவற்றை மருத்துவர் அறிவார். மூன்றாம் இடத்தில் உள்ளவற்றை இறைவன் அறிவான். நடுவில் உள்ளவற்றைப் பற்றித்தான் பல வீடுகளில் எவரும் எவரிடமும் பேசுவதில்லை.

பேசாமல் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற அச்சம் ஒன்று. அவர் நிறுத்தச் சொன்னால், அன்போடு அனுப்பியவர் மனம் புண்படுமே என்ற தயக்கம் மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்ற எண்ணம். இந்த மௌனம் எந்த அளவுக்குப் பாதுகாப்பானது, துணை வழிகள் எந்த அளவுக்கு உண்மையில் துணையாகின்றன என்பது, சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டுமன்றி அவர்களுக்கு அறிவுரை கூறும் பெரியவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

பழைய துயரம்

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த மனிதர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்வின் ஏதோ ஒரு காலத்தில் குழந்தையின்மையை எதிர்கொள்கிறார். இது இந்தக் காலத்தின் நோய் என்று கூறுவோர் உண்டு, அது சரியன்று. இராமகாதையே பிள்ளையில்லாத ஓர் அரசனின் ஏக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. வேள்விக்குத் தசரதன் தானே தீக்ஷை ஏற்றான். அரசியரையும் உடன் ஏற்கச் சொன்னான். இரகுவம்சத்தின் திலீபன், அரசியுடன் சென்று வசிஷ்டரின் ஆசிரமத்தில் தங்கி, பசுவை மேய்க்கக் காட்டுக்கு நடந்தவன். இரு கதைகளிலும் விரதம் கணவனுக்கும் உரியது. இன்றோ விரதமும் வேண்டுதலும் மருந்தும் மனைவியின் பங்காகி, 'எப்போது நல்ல செய்தி?' என்று விசாரிக்கும் உரிமை மட்டும் மற்றவர்களுக்கு உரியதாகிவிட்டது. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதியரிடம் ஆணின் உடற்குறையும் ஒரு பங்கு வகிக்கிறது. ஆயினும், பெண்ணைப் பழிக்கும் அந்தச் சொல் வழங்கும் அளவுக்கு ஆணைப் பழிக்கும் சொல் நாட்டில் வழங்குவதில்லை.

கருவுறுதலுக்கு நான்கு பொருள்கள் வேண்டும் என்கிறது சுசுருத சம்ஹிதை. அவை ருது, க்ஷேத்திரம், அம்பு, பீஜம். அதாவது பருவம், நிலம், நீர், விதை. உழவனின் கண்ணோடு பார்த்துச் சொன்ன இந்த உவமை இன்றைய மருத்துவரின் விசாரணைக்கும் பொருந்துகிறது. கருமுட்டை வெளிவரும் நாள் சரியாக உள்ளதா? கருப்பை ஆரோக்கியமாக உள்ளதா? ஹார்மோன்கள் போதுமா? முட்டையும் விந்தணுவும் தரமானவையா? இந்தியாவில் பிறப்புறுப்புக் காசநோயால் கருக்குழாய் அடைபட்டுப்போன பெண்கள் கணிசமாக உள்ளனர். அடைபட்ட குழாயை லேகியம் திறக்காது, தியானமும் திறக்காது. இதனால்தான், எந்தத் துணை வழியையும் தொடங்குமுன் குறை எங்கே என்று இருவரும் பரிசோதித்து அறிவது முதற்கடமை ஆகிறது. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்த பெண் ஓராண்டு முயன்றும், அதற்கு மேற்பட்டவர் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிடில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவிதி. கஷாயத்துக்கு ஓராண்டு, பரிகாரத்துக்கு ஓராண்டு என்று கழிப்பவர்கள் இழப்பது பணத்தையன்று, வயதை. அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆய்வகமும் தேவியின் பெயரும்

வேண்டுதலும் விஞ்ஞானமும் ஒன்றுக்கொன்று பகை என்று இந்தியக் குடும்பங்கள் ஒருபோதும் நினைத்ததில்லை. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இரண்டரை மாதம்கூட நிறைவடையாத நிலையில், அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கருவை 53 நாட்கள் உறைய வைத்துப் பின் தாயின் வயிற்றில் சேர்த்திருந்தார் அவர். அந்தக் குழந்தையை உலகம் அறிந்த பெயர் துர்கா.

அரசு அமைத்த குழு அவருடைய சாதனையை ஏற்க மறுத்தது. வெளிநாடு சென்று விளக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பதிவானது. ஆனால் அந்த வெற்றிக்கு உரியவர்களுள் ஒருவரான விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமார், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதல்வர் அவரே என்று 1997இல் எழுதினார். தமக்குக் கிடைத்த பெருமையைத் தாமே எடுத்து உரியவருக்கு அளிப்பது எளிய செயலன்று.

அன்று ஒரு மருத்துவரைப் பலிகொண்ட சிகிச்சை இன்று சிறு நகரங்களிலும் கிடைக்கிறது. மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஏறக்குறைய 8 முதல் 12 நாட்கள் வரை ஊசிகள் போடப்படுகின்றன. மாதம் ஒரு முட்டை முதிரும் சினைப்பையில் இப்போது பல முட்டைகள் ஒருசேர வளர்கின்றன. இறுதி ஊசி குறித்த நேரத்தில் போடப்பட்டு, அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டைகள் எடுக்கப்படுகின்றன. ஆய்வகத்தில் மூன்று அல்லது ஐந்து நாட்கள் வளர்ந்த கரு, உடனேயோ உறைய வைத்துப் பிறகோ கருப்பையில் வைக்கப்படுகிறது. லட்சக்கணக்கில் செலவாகும் இந்த முயற்சி ஒவ்வொரு முறையும் பலிப்பதில்லை. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கும், வைக்கப்படும் கரு குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று இங்கிலாந்தின் பதிவுகள் காட்டுகின்றன. நாற்பத்து மூன்றைத் தாண்டியவர் தம் சொந்த முட்டையால் முயன்றால் அது நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. வெற்றி வாய்ப்பையும் பின்விளைவுகளையும் முன்கூட்டியே தம்பதியருக்கு எடுத்துரைப்பது மருத்துவமனையின் கடமை என்று 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருவூட்டல் ஒழுங்குமுறைச் சட்டம் கூறுகிறது. கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை.

இவ்வளவு செலவும் வலியும் உள்ள இடத்தில், இன்னும் ஏதேனும் செய்து வாய்ப்பைக் கூட்ட முடியாதா என்று மனம் அலைவது இயல்பு. நடு அலமாரி நிரம்புவது அப்போதுதான்.

வயிற்றுக்குள் போவது

துணை வழிகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது. மூச்சைக் கவனிப்பதும் பஸ்மம் உண்பதும் ஒன்றல்ல. வயிற்றுக்குள் சென்று இரத்தத்தில் கலப்பவை தனி வகை. அவற்றுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும்.

ஊசிகளின் அளவை மருத்துவர் எப்படித் தீர்மானிக்கிறார்? இரத்தத்தில் உள்ள ஹார்மோன் அளவையும் ஸ்கேனில் தெரியும் முட்டைப் பைகளின் அளவையும் பார்த்துத்தான். அந்தக் கணக்கின் நடுவே, ஹார்மோனைப் போன்று செயல்படக்கூடிய தாவரச் சத்து ஒன்றை அவர் அறியாமல் சேர்த்தால், கணக்கின் அடிப்படையே ஆட்டம் காணும். தண்ணீர்விட்டான் கிழங்கைப் பெண்களுக்கு உரிய மருந்தாக ஆயுர்வேதம் நெடுங்காலமாகப் போற்றி வருகிறது. அதை இழிவாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஊசி நடக்கும் நாட்களில் அதனுடன் சேர்த்து உண்டால் என்ன நேரும் என்பதைப் பழைய நூல்கள் கூறவில்லை, கூறியிருக்கவும் முடியாது. அந்த ஊசிகள் அன்று இல்லை. அசுவகந்தா ஆண்களின் விந்தணு எண்ணிக்கையைக் கூட்டியதாகச் சிறிய ஆய்வுகள் உள்ளன. அதே அசுவகந்தா தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடும்; அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததாகவும் பதிவுகள் உள்ளன; கர்ப்பிணிகளுக்கு அது உகந்ததன்று. கணவனுக்கு வாங்கியதை மனைவியும் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஆபத்தானது.

உலோகம் கலந்த மருந்துகளைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாவது இருந்ததை 2004இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் கர்ப்பிணிகள் ஆறு பேரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்த மருந்துகளை அவர்கள் உண்டிருந்தனர். ஈயம் தாயின் இரத்தத்திலிருந்து சிசுவை அடைந்து அதன் மூளை வளர்ச்சியைத் தாக்கும். குழந்தை வேண்டி உண்ட மருந்தே குழந்தைக்குப் பகையாவதைவிடக் கொடுமை வேறில்லை. 'ஆண் குழந்தைக்கு மருந்து' என்று வட மாநிலங்களில் இரகசியமாகத் தரப்படும் பொடிகள் இதனினும் கேடானவை. இறந்து பிறத்தலுக்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் அவற்றோடு தொடர்பு இருப்பதை ஹரியானாவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண் பிறந்தால் என்ன குறை என்ற கேள்வியை அந்த வீடுகளில் யாரேனும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பெண்களின் மலட்டுத்தன்மையைக் குணமாக்குவதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது. விளம்பரப் பலகைகளோ ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் நிற்கின்றன.

ஆங்கில மருந்துக் கடையில் வாங்கும் சத்து மாத்திரைகளும் விலக்கல்ல. முடி உதிர்வுக்காகப் பலர் உண்ணும் பயோட்டின், அதிக அளவில் உண்டால், சில வகை இரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பொய்யாக்கிவிடும். தைராய்டு அளவு தவறாகத் தெரியலாம். கருவுற்றதை உறுதி செய்யும் ஹார்மோன் இருந்தும் குறைவாகத் தெரியலாம். இதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிட்டால், எத்தனை நாள் முன்னதாக நிறுத்துவது என்று மருத்துவர் கூறுவார். இத்தனை மாத்திரைகளுக்கு நடுவே பயன் ஐயமின்றி நிறுவப்பட்டது மிக மலிவான ஒன்றுதான்: ஃபோலிக் அமிலம், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருவுறுவதற்கு முன்பிருந்தே. அதுகூடக் கருத்தரிக்க வைப்பதற்காக அன்று. பிறக்கப்போகும் குழந்தையின் முதுகுத் தண்டையும் மூளையையும் காப்பதற்காக.

அப்படியானால் ஆயுர்வேதத்துக்கோ சித்த மருத்துவத்துக்கோ இடமே இல்லையா? உண்டு, காலம் அறிந்து. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. கருமுட்டையின் இறுதி வளர்ச்சிக்கும் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. ஆகவே ஊசி தொடங்குவதற்கு முந்திய மூன்று மாதமே உடலைப் பண்படுத்தும் பருவம். தகுதி பெற்ற வைத்தியரிடம் சென்று, சிகிச்சை எப்போது தொடங்குகிறது என்பதை அவரிடமும், அவர் தரும் மருந்தின் பெயரை மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லி, இருவர் அறியச் செய்வதில் தவறில்லை. எண்ணெய்க் குளியல், எளிய உணவு, நேரத்தோடு உறக்கம் என்று வைத்தியர் சொல்லும் தினசரி ஒழுக்கத்துக்கு எந்த ஊசியோடும் மோதல் கிடையாது. சினைப்பை நீர்க்கட்டியும் உடற்பருமனும் உள்ள பெண்ணுக்கு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே முட்டை தானாக வெளிவரத் தொடங்குவதுண்டு. கணவன் புகையிலையையும் குட்காவையும் விடுவதற்கும் அதே மூன்று மாதம்தான் தவணை. ஊசி தொடங்கிய பிறகு பேதி மருந்து, வஸ்தி முதலிய பஞ்சகர்ம முறைகளைத் தள்ளிவைப்பதே நன்று.

உண்ணாமல் இருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பீகாரில் சட் பூஜையின்போதும், வடக்கில் கர்வா சௌத் அன்றும், பல மாநிலங்களில் நிர்ஜல ஏகாதசியிலும் பெண்கள் நீரும் அருந்தாமல் விரதம் இருக்கின்றனர். சட் விரதம் 36 மணி நேரம் நீடிப்பது. ஊசிகளால் சினைப்பைகள் பெருத்திருக்கும் நாட்களிலும், முட்டை எடுத்ததை அடுத்த நாட்களிலும், நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். சிலருக்கு அப்போது வயிற்றில் நீர் சேர்ந்து, இரத்தம் கெட்டியாகும் அபாயம் உண்டு. அவ்வாண்டு விரதத்தைக் கணவனோ மாமியாரோ ஏற்கலாம். நோயுற்றவருக்கும் கர்ப்பிணிக்கும் சாஸ்திரம் விலக்கு அளித்திருக்கும்போது, தாயாக முயல்பவளுக்கு மட்டும் அது மறுக்குமா என்ன?

ஊசிமுனை வைத்தியமும் ஆசனமும்

சீன மருத்துவமான அக்குபங்சர் பெருநகரங்களின் கருவூட்டல் மையங்களுக்கு அருகிலேயே இப்போது கிடைக்கிறது. இதற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 2002இல் ஜெர்மனியில் 160 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், கரு வைக்கும் நாளில் அக்குபங்சர் பெற்றவர்களுள் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் கருவுற்றனர். பெறாதவர்களுள் 26 பேர். செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. பாதிப் பேருக்கு உண்மையான ஊசி. மறுபாதிக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசி. எது எவருக்கு என்று பெண்களுக்குத் தெரியாது. 2018இல் வெளியான முடிவு: உண்மை ஊசி பெற்றவர்களுள் குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு 18.3, போலி ஊசி பெற்றவர்களுள் 17.8. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். கைதேர்ந்தவரிடம் படுத்து அரை மணி நேரம் ஓய்வு கிடைப்பது சுகமாக இருந்தால் ஒருவர் அதை ஏற்கலாம். குழந்தைக்கு விலையாக அதற்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை.

யோகாசனத்தின் நிலை வேறு. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் உடற்கூற்றியல் துறையினர், யோகமும் தியானமும் பழகிய ஆண்களிடம் விந்தணுக்களின் மரபணுச் சேதம் குறைவதாக ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர். அவை சிறிய ஆய்வுகள். எத்தனை குழந்தைகள் பிறந்தன என்ற கேள்விக்கு அவை விடையாகா. ஆயினும் ஆசனத்தை இங்கே கணவன்மாருக்கும் உரியதாக்கியது நல்ல தொடக்கம்.

பெண்களைப் பொறுத்தவரை ஒரு கட்டுப்பாடு உண்டு. வகுப்பு நடத்தும் ஆசிரியர்களே பல வேளைகளில் அதை அறிவதில்லை. ஊசியால் பெருத்த சினைப்பை தன் காம்பில் முறுக்கிக்கொள்ளக்கூடும். அது அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும் அவசர நிலை. ஆகையால் ஊசி தொடங்கிய சில நாட்களிலிருந்து, உடலை முறுக்கும் ஆசனங்கள், சர்வாங்காசனம், சிரசாசனம், கபாலபாதி, பஸ்திரிகா, நௌலி ஆகியவற்றை நிறுத்திவிட வேண்டும். மெல்லிய நடை, மூச்சை அடக்காமல் செய்யும் நாடிசுத்தி, சவாசனம், யோக நித்திரை ஆகியவை போதும். பத்தாண்டுகளாகத் தவறாமல் சிரசாசனம் செய்து வருபவருக்கும் இது பொருந்தும்.

மனத்தின் மேல் சுமத்தப்படும் பழி

'கவலைப்படாதே, கவலைப்பட்டால் கரு தங்காது.' சிகிச்சையில் இருக்கும் பெண் இதைக் கேட்காத நாளில்லை. அன்பினால்தான் சொல்லப்படுகிறது. ஆனால் அதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கரு தங்காமல் போகும்போது, 'நீ கவலைப்பட்டதனால்தான்' என்ற தீர்ப்பு அந்த அறிவுரைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. உடலின் தோல்வியோடு மனத்தின் குற்றமும் அவள் தலையில் ஏறுகிறது. தியானம் செய்பவர்களுக்கு இது இன்னும் கொடியது. 'இத்தனை வருடம் தியானம் செய்தும் என் மனம் அமைதி அடையவில்லை. அதனால் என் குழந்தையை இழந்தேன்' என்று தன்னையே சபித்துக்கொள்வாள்.

இந்த நம்பிக்கையை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்துள்ளனர். சிகிச்சைக்கு முன் பெண்களின் கவலையையும் மனச்சோர்வையும் அளந்து, பின்னர் கருவுற்றார்களா என்று கவனித்த 14 ஆய்வுகளை ஒன்று திரட்டி, 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளியாயிற்று. மொத்தம் 3583 பெண்கள். கவலை மிகுந்தவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் இடையே கருவுறுதலில் வேறுபாடு காணப்படவில்லை. போர்க்களத்தின் நடுவிலும் பஞ்சத்தின் பிடியிலும் அகதி முகாம்களிலும் குழந்தைகள் கருவாகி வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இது வியப்பளிக்காது. கண்ணீர் விட்டு அழுத பெண்ணின் கருப்பை அந்தக் கண்ணீருக்காகக் கருவை வெளியே தள்ளுவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். கரு நிலைபெற உதவுபவற்றுள் சிறந்தது சௌமனசியம், அதாவது மன மகிழ்ச்சி என்று சரக சம்ஹிதை கூறவில்லையா? கூறுகிறது. ஆனால் அந்த அறிவுரை யாருக்கு? அவளை மகிழ்வாக வைத்திருக்கும்படி அவளைச் சூழ்ந்தவர்களுக்குச் சொன்னதாகக் கொள்வதே பொருத்தம். அவளை நிறுத்திவைத்து, 'ஏன் மகிழ்ச்சியாக இல்லை?' என்று கேட்பதற்காக எழுதப்பட்டது அன்று அது. சீமந்தத்துக்கு அழைத்து நடுவில் உட்கார வைக்காமல் ஒதுக்குவதும், பிறகு மன அமைதியைப் பற்றி உபதேசிப்பதும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது. முன்வினையைச் சுட்டிக்காட்டுபவர்களைப் பற்றியும் இதையே சொல்லலாம். கர்மக் கொள்கை ஒருவர் தம் வாழ்வைத் தாம் செம்மைப்படுத்திக்கொள்ள உரைக்கப்பட்டது. அடுத்த வீட்டுப் பெண்ணின் வயிற்றை அளக்கும் கோல் அன்று.

அப்படியானால் தியானத்தாலும் ஜபத்தாலும் என்ன பயன்? பயன் பெரிது, ஆனால் அது வேறிடத்தில் உள்ளது. சிகிச்சையைப் பாதியில் கைவிடுபவர்கள் பலர். அதற்குப் பணம் மட்டுமன்று, மனச்சோர்வும் முக்கியக் காரணம். ஊசியை எடுக்கும்போது கை நடுங்குகிறது. ஸ்கேன் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இந்த இடங்களில்தான் பயிற்சி துணை நிற்கிறது. மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கி ஐந்து நிமிடம் அமர்ந்தால் நடுக்கம் தணிகிறது. இஷ்ட நாமத்தை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தால் காத்திருக்கும் நேரம் கடக்கிறது. இன்னொரு முறை முயல்வதா, நிறுத்திக்கொள்வதா என்ற முடிவைப் பிறர் சொல்லுக்கு அஞ்சாமல், பதற்றமின்றி எடுக்க முடிகிறது.

பேரமாகச் செய்யும் ஜபத்தின் கதை வேறு. 48 நாட்கள், லட்சம் உரு, இத்தனை பிரதட்சிணம் என்று எண்ணி வைத்து, பதிலுக்கு ஒரு குழந்தை என்று கணக்கு எழுதியவள், பரிசோதனை முடிவு பாதகமாக வரும் நாளில் குழந்தையோடு இறைவனையும் இழக்கிறாள். 'ஒருநாள் விட்டுப்போயிற்றே, அதனாலோ?' என்று தேடுகிறாள். பலனில் உரிமை கொண்டாடாமல் செயலைச் செய் என்று கீதை போதிக்கும் கர்மயோகம், போர்க்களத்துக்கு மட்டும் உரியதன்று. இரவு எட்டு மணி ஊசிக்கும் உரியது. வேண்டுதல் இயல்பு, வேண்டலாம். வேண்டுதலை ஊதியமாக நினைப்பதே துன்பம்.

கணவன் என்ன செய்கிறான் என்பதைக் கேட்க வேண்டும். ஊசியைத் தானே போடக் கற்றுக்கொள்பவர்கள் உண்டு. மருந்து நேரங்களை எழுதி வைத்து, மருத்துவமனைக்குத் தானே பேசி, உறவினரின் விசாரிப்புகளுக்குத் தானே விடையளிப்பவர்கள் உண்டு. மாலையில் பக்கத்தில் அமர்ந்து கண்ணை மூடிப் பத்து நிமிடம் இருப்பவர்களும் உண்டு. நடு அலமாரியில் உள்ளவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, லேபிளைக் கைபேசியில் படம் எடுத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டும் வேலையையும் அவனே ஏற்கலாம். தன் வீட்டார் அனுப்பிய லேகியத்தை நிறுத்த நேர்ந்தால், அதைத் தன் தாயிடம் சொல்ல வேண்டியவன் அவன்; மருமகள் அல்லள்.

காத்திருக்கும் நாட்கள்

கரு வைக்கப்பட்ட பிறகு இரத்தப் பரிசோதனை வரை ஏறக்குறைய இரண்டு வாரம். அனுபவித்தவர்கள் பலர் இதுவே மிகக் கடினமான பகுதி என்கின்றனர். ஏனெனில் செய்வதற்கு ஒன்றுமில்லை. உடனே வீட்டார் அவளைப் படுக்க வைத்துவிடுகின்றனர். மாடிப்படி ஏறாதே, தும்மாதே, குனியாதே என்று ஆணைகள் பறக்கின்றன. கருப்பை பை போன்றது அன்று, கரு அதிலிருந்து உருண்டு விழ. அதன் இரு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. படுத்தே கிடப்பதால் வெற்றி கூடுவதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. சிலவற்றில் அது குறைந்தும் இருக்கிறது. அலுவலகம் செல்லலாம், சமைக்கலாம், கோயிலுக்கு நடக்கலாம். பாரம் தூக்குவதையும் ஓட்டத்தையும் தவிர்த்தால் போதும்.

இந்த நாட்களில் ஒரு புதிய வைத்தியத்தையும் தொடங்கக்கூடாது. முந்தைய முயற்சிகள் தோற்றவர்கள்தாம் பெரும்பாலும் இவ்வாறு தேடிச் செல்கின்றனர். டென்மார்க்கில் சிகிச்சையில் இருந்த 818 பெண்களை ஓராண்டு கவனித்த ஆய்வு ஒன்று, மாற்று வைத்தியங்களை நாடியவர்களிடம் கருவுறுதல் நூற்றுக்கு 30 பங்கு குறைவாக இருந்ததைக் கண்டது. வைத்தியம்தான் கெடுத்தது என்று இதற்குப் பொருளன்று; நோய் கடினமானவர்களே அதிகம் தேடியிருக்கலாம். ஆனால் 'கூடவே இதையும் செய்தால் நிச்சயம்' என்பதற்கு இது ஆதாரமாகாது.

உடலின் அறிகுறிகளைக் கொண்டு முடிவை ஊகிப்பதும் வீண். மார்பில் கனம், உறக்கம், அடிவயிற்றில் இழுப்பு முதலியவை கர்ப்பத்தின் அறிகுறிகள்தாம். ஆனால் கருவைக் காக்கத் தரப்படும் புரோஜெஸ்டிரோன் மருந்தும் அவற்றையே உண்டாக்கும். அறிகுறி இல்லாமையும் தோல்வியன்று. கடையில் வாங்கிய சோதனை அட்டையை முன்னதாகவே பார்ப்பவர்கள் இரு வகையில் ஏமாறலாம். முட்டை எடுப்பதற்கு முன் போட்ட இறுதி ஊசியில் கர்ப்ப ஹார்மோனே இருந்திருந்தால், அது சில நாட்கள் உடலில் தங்கி, இல்லாத கர்ப்பத்தை இருப்பதாகக் காட்டும். மிக விரைவில் பார்த்தால் இருப்பதையும் இல்லை என்று காட்டும்.

முடிவு இப்போது பெரும்பாலும் கைபேசிக்கு வருகிறது. அலுவலகக் கூட்டத்தின் நடுவிலோ பேருந்திலோ வந்துவிடலாம். அதை யார் திறந்து பார்ப்பது, எந்த இடத்தில், அன்று மாலை யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் இருப்பது என்பதை இருவரும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்கிறார்கள், அனுபவம் உள்ளவர்கள். பெரியவர்கள் உள்ள வீட்டில், அவர்கள் கேட்பதற்கு முன்பே கணவன் சொல்லிவிடுவது நல்லது. இடையில் சிறிது இரத்தக் கசிவு தெரிந்தாலும், வீட்டுச் சோதனை இல்லை என்று காட்டினாலும், இரத்தப் பரிசோதனை முடிந்து மருத்துவர் சொல்லும் வரை புரோஜெஸ்டிரோனை நிறுத்தக்கூடாது. தோற்றுவிட்டது என்று தாமே முடிவுகட்டி மருந்தை நிறுத்திய பின், கரு உயிரோடு இருப்பதாக அறிக்கை வந்ததும் உண்டு.